ஊமைக் கசத்தில் ஒரு முடிச்சு

“தூக்குல கல்லை!”

மாடத்தியின் குரல் குதிரைப்பாறையில் முட்டித் திரும்பியது. தென்காசிக்கு மேற்கே, மலையடிவாரத்தில் தனியாக நிற்கும் அந்த மொட்டைப் பாறையில்தான் அவள் ஆட்களுக்குப் பாறை ஏறவும் கயிற்றில் இறங்கவும் பயிற்சி கொடுத்துவந்தாள். முப்பத்தெட்டு வயது. கை இரண்டும் கருவேலங்கட்டை. வாய் அதைவிடக் கட்டி. எல்லோரும் ‘மாஸ்டர்’ என்றுதான் கூப்பிட வேண்டும். வேறு எப்படிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்க மாட்டாள்.

அவளிடம் ஒரு சட்டம் இருந்தது. சொன்னதைச் செய்ய வேண்டும். ‘ஏன்?’ என்று கேட்டால் ஒரு கல்லைச் சுமந்துகொண்டுபோய்ப் பாறை உச்சியில் வைத்துவிட்டு வர வேண்டும். இப்படிச் சேர்ந்த கற்கள் உச்சியில் ஓர் ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடந்தன. அதில் பாதிக்கு மேல் அவளுடைய தம்பி இசக்கிராஜா சுமந்தவை. அவனுக்கு வாயைத் திறந்தாலே ‘ஏன்’தான். போன ஐப்பசியில் ஒருநாள், “கயித்து நுனியில முடிச்சு போடு முடிச்சு போடுங்கியே, ஏன்க்கா போடணும்?” என்று கேட்டான். அன்றைக்கு அவளுக்கு என்ன கடுப்போ, கல்கூடச் சொல்லவில்லை. “இனிமே என் கயித்தைத் தொடாத. போயிருல!” என்று எல்லோர் முன்னாலும் விரட்டிவிட்டாள். அவனும் ரோஷக்காரன். ஊருக்குள்ளேயே தனியாக ரூம் எடுத்துக்கொண்டான். அதற்குப் பிறகு அக்காவுக்கும் தம்பிக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

இன்றைக்குக் கல் தூக்கிக்கொண்டிருந்தவன் கொம்பையா. ஜீப் ஓட்டுகிறவன், அவளுடைய பழைய மாணவன். அவன் பாதிப் பாறை ஏறியிருந்தபோது அடிவாரத்தில் ஒரு கார் வந்து நின்றது. கோயமுத்தூர் நம்பர். அதிலிருந்து முதலில் ஒரு தொப்பை இறங்கியது. பின்னாலேயே கண்ணாடி போட்ட ஓர் ஆள் இறங்கினான். கண் இரண்டும் தூக்கமில்லாமல் சிவந்திருந்தன.

“ஏனுங்க, மாடத்தி அக்கா நீங்களுங்களா?”

“நான் உமக்கு அக்கா இல்ல. யாரு நீரு?”

“எம் பேரு நந்தகோபாலுங்க. அருவியில கயிறு கட்டி எறங்கறவங்களுக்குன்னு ஆன்லைன்ல ஒரு குரூப் நடத்தறனுங்க. உங்க தம்பி அதுல இருக்காருங்க.”

மாடத்தியின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. போனைப் பார்த்துத் தொழில் கற்றுக்கொள்கிறான் தம்பி என்று அரசல்புரசலாகக் கேள்விப்பட்டிருந்தாள். அந்தப் போனுக்குள் உட்கார்ந்து பாடம் நடத்துகிற ஆசாமி இவன்தானா! பாறையைச் சுண்டுவிரலால் தொட்டிருப்பானா இவன்?

“நீருதானா அது? எம் முன்னால நிக்க என்ன தைரியம்யா உமக்கு?”

“திட்டறதை அப்புறம் திட்டுங்க. நேத்துக் காலையில ஊமைக் கசத்துல எறங்கப் போறேன்னு குரூப்புல போட்டாருங்க. சாயங்காலம் வீடியோ போடறேன்னாரு. போடலீங்க. போனும் போகலீங்க. மனசு கேக்காம ராத்திரியே வண்டி எடுத்துட்டனுங்க. அவரு ரூமு பூட்டிக் கெடக்குதுங்க.”

ஊமைக் கசம்!

மேல்மலையில் ஆறு ஒரு பிளவுக்குள் புகுந்து காணாமல் போகிற இடம் அது. உள்ளே ஒரு கசத்தில், அதாவது ஆழமான மடுவில், பெரிய அருவி விழுகிறது. ஆனால் சத்தம் வெளியே வராது. அதனால் ஊமை. அந்தக் காலத்தில் ஜமீன்தாரிடமிருந்து தப்பிய ஆட்கள் கோயிலின் வெண்கல மணியை அதற்குள் போட்டுவிட்டு ஓடியதாக ஊரில் ஒரு கதை உண்டு. மணியை எடுக்கப் போனவர்கள் உண்டு. அடிவரை போய்ப் பார்த்தேன் என்று சொன்னவர் எவரும் இல்லை. மணியைப் படம் பிடித்துவிட்டால் ஊரே தன்னைத் தலையில் வைத்து ஆடும் என்று இசக்கி நினைத்திருக்கிறான். அக்காவின் முகத்தில் கரி பூசலாம் என்றும் நினைத்திருப்பான்.

“உம்மகிட்ட என்ன கேட்டான் அவன்? காட்டும் போனை!”

காட்டினான். இசக்கி ஒரே வரி எழுதியிருந்தான்: ‘கயித்து நுனியில முடிச்சு வேணுமா?’ அதற்குக் கீழே நந்தகோபாலின் பதில்: ‘வேண்டவே வேண்டாம். முடிச்சு போட்டா சாவுதான்.’ அந்தப் பதிலுக்கு நூற்றுக்கணக்கான லைக். அதற்கும் கீழே ஒரு கூட்டம் கும்மியடித்திருந்தது. ‘எந்த முட்டாள் சொல்லிக்கொடுத்தது முடிச்சு போடணும்னு?’ என்று ஒருவன். ‘பாறையைக் கட்டிக்கிட்டு அழுவுற பழைய மாஸ்டரா இருக்கும்’ என்று இன்னொருவன்.

மாடத்தி அவன் சட்டைக் காலரைப் பிடித்துவிட்டாள். “எங்க நிக்கான், எதுல எறங்குதான்னு தெரியாம பதில் சொல்லியிருக்கீரு! எந் தம்பி செத்திருந்தான்னா உம்மையும் அதே கசத்துல தள்ளிருவேன்!”

கல்லைப் போட்டுவிட்டு ஓடிவந்த கொம்பையா இருவருக்கும் நடுவில் புகுந்தான். “மாஸ்டர்! சண்டையை அப்புறம் வச்சிக்கிடுங்க. மேல பாருங்க.”

மலை முகட்டில் மேகம் கறுத்து இறங்கிக்கொண்டிருந்தது. சாரல் காலம். மேலே மழை பிடித்தால் சாயங்காலத்துக்குள் ஊமைக் கசம் நிரம்பிவிடும். தீயணைப்பு நிலையத்துக்கும் வனத்துறைக்கும் கொம்பையா போன் செய்தான். ஆட்கள் கிளம்புகிறார்கள், ஆனால் கீழ்ப் பள்ளத்தாக்கு வழியாக ஆற்றைத் தாண்டித்தான் வர முடியும், நேரமாகும் என்றார்கள். பள்ளத்தாக்கிலிருந்து கசத்தின் வாய்வரை வரலாம். அதற்குமேல் அருவியைத் தாண்டி ஏற முடியாது. மேலிருந்து இறங்கினால்தான் இசக்கியைத் தேட முடியும்.

“நானும் வர்றனுங்க.”

“நீரா? உம்ம வயித்தை யாரு சுமக்க?”

“என் வயித்தை நானே சொமப்பனுங்க. உள்ள அருவி விழுகுதுன்னா கடைசி எறக்கம் தண்ணிக்குள்ளதானுங்க. மேகாலயாவுல அருவி அருவியா எறங்கினவனுங்க நான். நீங்க தண்ணிக்குள்ள எறங்கியிருக்கீங்களா?”

மாடத்தி இறங்கியதெல்லாம் காய்ந்த பாறை. ஆத்திரத்தைப் பல்லுக்குள் கடித்துக்கொண்டு ஜீப்பில் ஏறினாள். நந்தகோபால் தன் பையோடு பின்னால் தொற்றிக்கொண்டான்.

ஜீப் போகிற மட்டும் போயிற்று. அதற்குப் பிறகு நடை. அட்டைகள் காலைப் பிடுங்கின, ஈரப் பாறைகள் வழுக்கின. வழி நெடுகக் கீரியும் பாம்பும்தான்! “அந்தக் கல்லை மிதிக்காதீரும்” என்பாள் இவள். “தெரியுமுங்க” என்று சொல்லிக்கொண்டே அதையே மிதித்து அவன் விழுவான். “அந்தத் தண்ணியைக் குடிக்காதீங்க” என்பான் அவன். “எங்க மலைத் தண்ணி எனக்குத் தெரியும்” என்று அவள் குடிப்பாள். கொம்பையா மட்டும் இரண்டு பேருக்கும் நடுவில் கயிற்று மூட்டையைச் சுமந்துகொண்டு தலையெழுத்தே என்று நடந்தான்.

பிளவின் விளிம்பில் ஒரு மருத மரம். அதில் இசக்கியின் ஆரஞ்சுக் கயிறு கட்டியிருந்தது. மாடத்தி குனிந்து அந்தக் கட்டைப் பார்த்தாள். இரண்டு சுற்று, திருப்பி ஒரு பூட்டு. அவள் கற்றுக்கொடுத்த கட்டு. ஒரு மயிரிழைகூடப் பிசகாமல் கட்டியிருந்தான்.

“ஏல இசக்கி! இசக்கி!”

பிளவு சத்தத்தை விழுங்கிக்கொண்டது. கயிறு விளிம்பைத் தாண்டி உள்ளே போனது. பாறை உள்வாங்கியிருந்ததால் அது எங்கே முடிகிறது என்று மேலிருந்து தெரியவில்லை.

மாடத்தி தன் கயிற்றை எடுத்து அதே மரத்தில் கட்டினாள். நுனியைக் கையில் எடுத்துப் பெரிய முடிச்சாகப் போட்டாள்.

“அது வேண்டாமுங்க” என்றான் நந்தகோபால். “முடிச்சு எங்கியாச்சும் சிக்கிக்கும்.”

“வாய மூடும்!”

“சொல்றதைச் சொல்லிட்டனுங்க.”

“நீரு சொல்லி எந் தம்பி எங்க கெடக்கான்னு தெரியல. இன்னொரு வார்த்தை பேசினீருன்னா உம்மையும் இந்த மரத்துலயே கட்டிருவேன்!”

இடுப்புப் பட்டையில் தொங்கிய எட்டு வளையத்துக்குள் கயிற்றைக் கோத்தாள். எட்டு என்ற எண்ணைப் போல வளைந்த உலோகத் துண்டு அது. கயிறு அதற்குள் உரசி ஓடுவதால் இறக்கம் கைக்கு அடங்கும். விளிம்பில் சாய்ந்தாள். கால்கள் பாறையை உதைத்தன. சர்ரென்று இறங்கினாள்!

கொஞ்ச தூரத்தில் பாறை மறைந்தது. அந்தரம். கீழே புகை போல நீர்த்திவலை. கயிறு நனைந்து வழுக்க ஆரம்பித்தது. நினைத்ததைவிட வேகமாகப் போகிறோம் என்று அவளுக்குத் தெரிந்தது, கையை இறுக்கினாள், கயிறு நழுவிக்கொண்டே இருந்தது. பக்கத்தில் இசக்கியின் ஆரஞ்சுக் கயிறும் கூடவே இறங்கி வந்தது. திடீரென்று அது முடிந்துபோனது. வெறும் நுனி. முடிச்சு இல்லாத, மொட்டையான, ஈரம் சொட்டுகிற நுனி.

“ஐயோ” என்று அவள் வாய் சொல்லி முடிக்கவில்லை. ‘டக்’கென்று இடுப்பில் ஒரு வெட்டு! அவளுடைய கயிறும் தீர்ந்துவிட்டது. அவள் போட்ட முடிச்சு வளையத்தில் வந்து மோதி, ஆளை அந்தரத்தில் நிறுத்திவிட்டது. கீழே ஓர் ஆள் உயரத்துக்கு வெற்றிடம்; அதற்குக் கீழே ஒரு கல்திட்டு; திட்டுக்கு அப்பால் அதலபாதாளம்.

திட்டின் ஓரத்தில், பாறை இடுக்கில், நீலச் சட்டை தெரிந்தது.

முடிச்சில் தொங்கியபடியே இடுப்பிலிருந்த துணைக் கயிற்றை அதில் பிணைத்து, மீதி தூரத்தையும் இறங்கி ஓடினாள். இசக்கி கண்ணைத் திறந்தான். உதடு வெளுத்திருந்தது. இடது கால் முழங்காலுக்குக் கீழே வீங்கி வளைந்திருந்தது. மரக்குச்சியை வைத்துத் துண்டால் அவனே கட்டியிருந்தான்.

“எக்கா… முடிச்சு போடலக்கா.”

“தெரியும்ல. பேசாத.”

அவன் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். அழுதாள். அழுகிறதும் திட்டுகிறதும் அவளுக்கு ஒரே நேரத்தில் வந்தன. “அறிவு கெட்ட மூதி! சோத்தைத்தான திங்க? யார் பேச்சைக் கேட்டு எறங்கின?” பையிலிருந்த வெல்லத்தை அவன் வாயில் திணித்துக்கொண்டே திட்டினாள்.

கயிற்றில் மூச்சு வாங்கிக்கொண்டு நந்தகோபால் வந்து சேர்ந்தான். அந்தரத்தில் தொங்கும் ஆரஞ்சு நுனியை அவனும் பார்த்துவிட்டுத்தான் வந்தான். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. இசக்கியின் பக்கத்தில் மண்டியிட்டான்.

“தம்பீ… மொத எறக்கம் காஞ்ச பாறைன்னு நீ சொல்லலியேப்பா. எங்க குரூப்புல எல்லாரும் அருவியில எறங்கறவங்க. நீயும் அருவியத்தான் கேக்கறேன்னு நெனச்சுட்டனப்பா.”

“நீங்க கேக்கலியே” என்றான் இசக்கி.

மாடத்தியின் கை எழுந்தது. பளாரென்று ஓர் அறை! நந்தகோபாலின் கண்ணாடி பறந்துபோய்ப் பாறையில் விழுந்தது. அவன் திருப்பி அடிக்கவில்லை. தடவித் தடவிக் கண்ணாடியை எடுத்து, கீறல் விழுந்த அதையே மாட்டிக்கொண்டான்.

“அவரை எதுக்கு அடிக்க?” இசக்கியின் குரல் கம்மியிருந்தாலும் காரம் குறையவில்லை. “மொதல்ல உன்கிட்டதான் கேட்டேன். ஏன் முடிச்சுன்னு கேட்டேன். ‘இப்படி ஒருநாள் கயிறு தீந்துபோவும், அப்ப அது உன்னைப் பிடிச்சு நிறுத்தும்’னு ஒரு வார்த்தை சொல்லிருந்தா நான் அங்கன போய்க் கேட்டிருப்பனா? அங்க யாரும் கல்லு தூக்கச் சொல்லலக்கா.”

மாடத்திக்குச் சுருக்கென்றது. ஆனால் அதை ஒத்துக்கொள்ளும் மனசு அவளுக்கு அப்போது இல்லை. “உசுரு பொழச்சு வீடு வா. அப்புறம் வாய் பேசு” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“அட கெரகமே!” என்றான் நந்தகோபால். திட்டுக்குப் பக்கவாட்டில் ஆறு பிளவுக்குள் நுழைந்து விழுகிற இடத்தை அவன் பார்த்துக்கொண்டிருந்தான். “தண்ணி நெறம் மாறுதுங்க. பாருங்க, நொரை வருது, எல தழை வருது. மேல மழை பிடிச்சிருச்சு. இன்னும் கொஞ்ச நேரத்துல இந்தத் திட்டு முழுகிருமுங்க.”

மாடத்தி மேலே பார்த்தாள். உள்வாங்கிய பாறை. கால் ஒடிந்தவனை அந்தரத்தில் தூக்கி ஏற்ற, மேலே மரத்தடியில் நிற்கும் கொம்பையாவையும் சேர்த்து மூன்று பேரால் ஆகாது. போவதென்றால் கீழேதான். அருவியோடு சேர்ந்து கசத்துக்குள் இறங்கி, கசத்தின் வாய் வழியே பள்ளத்தாக்குக்குப் போக வேண்டும். அங்கேதான் தீயணைப்பு ஆட்கள் வருகிறார்கள்.

நந்தகோபால் தன் கயிற்றை எடுத்தான். ஒரு பாறைக் கொம்பில் அதைச் சுற்றினான். பூட்டுப் போட்டு இறுக்காமல், வளையம் வளையமாக மடித்து, மிச்சக் கயிற்றைப் பக்கத்திலேயே சுருட்டி வைத்தான்.

“இதென்ன, தொட்டில் கட்டுதீரா?”

“தேவைப்பட்டா மேல இருந்தே கயித்தை எளக்கி விடலாமுங்க.”

“ஆள் தொங்கும்போது எளக்குவீரா? நல்லாருக்கு தொழிலு! நான் மொதல்ல போறேன். கீழ நின்னு இசக்கியை வாங்கணும்.”

“போங்க. நுனியில மட்டும் முடிச்சு வேண்டாமுங்க. இது தண்ணி.”

“அந்த முடிச்சுதான்யா என்னை இப்பப் பிடிச்சு நிறுத்திச்சு. எந் தம்பி அது இல்லாமதான் இங்கன கெடக்கான். இன்னும் புத்தி வரலியா உமக்கு? வாய மூடும்!”

நந்தகோபால் வாயை மூடிக்கொண்டான். கன்னத்தில் அவளுடைய ஐந்து விரலும் பதிந்திருந்தது. எந்த முகத்தோடு அவன் வாதாடுவான்? அவன் திரும்பி இசக்கிக்குப் பட்டை மாட்டிய நேரத்தில் மாடத்தி கயிற்று நுனியை எடுத்தாள். யோசிக்கக்கூட இல்லை. இருபது வருஷப் பழக்கம். கை தானாகவே முடிச்சைப் போட்டது.

ஜெயித்தவனுக்குக் கண் தெரியாது என்பது சும்மாவா?

இறங்கினாள். தண்ணீர் முதலில் தோளைத் தட்டியது. அப்புறம் குத்தியது. அப்புறம் மூட்டை மூட்டையாகத் தலையில் கொட்டியது. கண் தெரியவில்லை, காது கேட்கவில்லை. கால் பாறையில் நிற்கவில்லை. கீழே கசம் கொதிக்கிற மாதிரி சுழன்றுகொண்டிருந்தது. இடுப்பு தண்ணீரில் நனைந்தது. அவ்வளவுதான், வந்துவிட்டோம், கயிற்றை விட்டு நீந்த வேண்டியதுதான் என்று நினைத்தாள்.

‘டக்.’

முடிச்சு வளையத்தில் மோதி இறுகிக்கொண்டது.

கயிறு தீர்ந்துவிட்டது. ஆனால் அது அவளை விடவில்லை. பாதி உடம்பு தண்ணீரில், பாதி அருவிக்கு அடியில். மொத்த எடையும் முடிச்சில் தொங்கியது. வளையத்தைக் கழற்ற வழியில்லை. நுனி மொட்டையாக இருந்திருந்தால் இந்நேரம் நழுவித் தண்ணீரில் விழுந்து நீந்தியிருப்பாள். இப்போது அருவி அவளைத் துணி துவைப்பது போலத் துவைத்தது. மூச்சு இழுத்தால் தண்ணீர். கத்தினால் தண்ணீர். கத்தியை எடுக்கப் போன கை எழும்பவில்லை. ‘நான் போட்ட முடிச்சு. நானே போட்ட முடிச்சு.’ அந்த எண்ணம் மட்டும் தலைக்குள் சுற்றியது. நான் செத்தால் கீழே இசக்கியை வாங்குவது யார்?

மேலே நந்தகோபால் அருவியைப் பார்க்கவில்லை, கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தான். கயிறு விறைத்திருந்தது. ஆனால் அசையவில்லை.

“போட்டுட்டாங்க” என்றான். “முடிச்சு போட்டுட்டாங்க!”

பாய்ந்துபோய்ப் பாறைக் கொம்பில் மடித்து வைத்த வளையங்களை இளக்கினான். கயிறு அவன் உள்ளங்கையில் சூடு போட்டபடி ஓடியது.

மாடத்தி பொத்தென்று கசத்துக்குள் விழுந்தாள். ஆழத்துக்குப் போனாள். காலில் ஏதோ வளைவாக, சில்லென்று இடித்தது. அதை ஓர் உதை உதைத்து மேலே வந்தாள். இப்போது கயிற்றில் இறுக்கம் இல்லை. வளையத்தைக் கழற்றினாள், கரைப் பாறையைப் பற்றினாள், வயிற்றில் இருந்ததெல்லாம் வாந்தியாக வந்தது. உயிர் இருந்தது!

அவள் செய்த முதல் வேலை, அந்த முடிச்சை அவிழ்த்ததுதான்.

அடுத்து இசக்கி வந்தான். நந்தகோபால் அவனை இன்னொரு கயிற்றில் கட்டி, பட்டையை முதல் கயிற்றிலும் ஒரு கொக்கியால் கோத்து, அங்குலம் அங்குலமாக இறக்கினான். முதல் கயிற்றின் நுனியைப் பிடித்து மாடத்தி கரையிலிருந்து இழுத்து, அவனை அருவிக்கு வெளியே ஒதுக்கிக்கொண்டே வந்தாள். மேலே கண்ணாடிக்காரன், கீழே கருவேலங்கட்டை. இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. கயிறு மட்டும் பேசியது. இவள் இழுக்கும்போது அவன் விட்டான். இவள் நிறுத்தும்போது அவன் நிறுத்தினான். அலறிக்கொண்டே வந்து சேர்ந்தான் இசக்கி.

கடைசியாக நந்தகோபால். அந்தத் தொப்பை அருவிக்குள் வந்த அழகைப் பார்க்க வேண்டுமே! தண்ணீரோடு சண்டை போடவில்லை; அது போகிற போக்கில் சரிந்து, மொட்டை நுனி வழியே நழுவி, நீர்நாய் மாதிரி கசத்தில் விழுந்து, நாலு வீச்சில் கரைக்கு வந்துவிட்டான்.

“மேல ஏறுங்க! சீக்கிரமுங்க!”

இசக்கியை இரண்டு பேரும் தூக்கிக்கொண்டு பாறைமேல் ஏறிய கொஞ்ச நேரத்தில் வந்தது வெள்ளம். செக்கச்செவேலென்று, மரத்தையும் மண்ணையும் புரட்டிக்கொண்டு, இத்தனை காலம் ஊமையாக இருந்த கசம் அன்றைக்குக் காது கிழியக் கத்தியது. அவர்கள் விட்டுவந்த திட்டு இருந்த இடமே தெரியவில்லை.

பள்ளத்தாக்கின் கீழே விசில் சத்தம் கேட்டது. தீயணைப்பு ஆட்கள் ஸ்ட்ரெச்சரோடு பாறை பாறையாகத் தாவி வந்துகொண்டிருந்தார்கள்.

மாடத்தி நந்தகோபாலின் கையைப் பார்த்தாள். உள்ளங்கையில் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது.

“நான் முடிச்சு போடுவேன்னு முன்னமே தெரியுமா உமக்கு?”

“உங்க மொகரையப் பாத்தாலே தெரியுதுங்களே.”

“தெரிஞ்சும் ஏன் தடுக்கல?”

“ஒருக்கா சொன்னனுங்க. வாய மூடச் சொன்னீங்க. அடுத்த அறைக்குக் கன்னம் தாங்காதுங்க. அதான் எளக்கற மாதிரி கட்டுனனுங்க.”

கேட்க வேண்டியது தொண்டையில் முள்ளாக நின்றது. முழுங்கிப் பார்த்தாள்; இறங்கவில்லை. கேட்டாள்.

“தண்ணியில முடிச்சு ஏன் ஆகாது? வெளக்கமாச் சொல்லும்.”

அவன் சொன்னான். பாறையில் கயிற்றை விட்டால் சாவு, அதனால் கயிறு ஆளை விடக்கூடாது. அருவியில் கயிறு ஆளை விடாவிட்டால் சாவு, அதனால் நழுவ விட வேண்டும். சுழலில் மாட்டினவனுக்குக் கயிறுதான் எமன். அவள் கடைசிவரை குறுக்கே பேசாமல் கேட்டாள். பிறகு, காய்ந்த பாறையில் கயிறு தீர்வது ஏன் கண்ணுக்குத் தெரியாது, ஈரக் கயிறு கையை எப்படி ஏமாற்றும் என்பதை அவள் சொன்னாள். அவனும் கேட்டான். இரண்டையும் கேட்டுக்கொண்டிருந்த இசக்கி, வலியிலும் பல்லைக் காட்டினான்.

“எக்கா, ரெண்டு ‘ஏன்’ ஆச்சு. எண்ணிக்கிட்டேன்.”

“செருப்பு பிஞ்சிரும்ல.”

இசக்கியோடு அவர்கள் தென்காசி வந்து சேர்ந்தபோது ஆஸ்பத்திரி வாசலில் ஊர் திரண்டிருந்தது. கொம்பையா சரவெடி வாங்கி வைத்திருந்தான். ஆஸ்பத்திரி என்பதால் காவலாளி விரட்ட, தெருமுனைக்கு ஓடிப்போய் வெடித்துவிட்டு வந்தான். யாரோ நந்தகோபாலுக்குத் துண்டு போர்த்தினார்கள். மாடத்திக்கும் போர்த்த வந்தார்கள். அவள் முறைத்த முறைப்பில் அந்தத் துண்டும் நந்தகோபால் தோளுக்கே போனது.

நந்தகோபாலுக்கும் மாடத்திக்கும் இன்றுவரை ஆகாது. அவனுடைய குரூப்பில் இப்போது எவன் எதைக் கேட்டாலும் முதலில் ஒரு கேள்விதான் திரும்பி வரும்: ‘பாறையா, அருவியா? நிக்கிற இடத்தைப் போட்டோ எடுத்துப் போடு.’ பாறை என்றால் பதில் சொல்வது மாடத்தி. ‘மாஸ்டர்’ என்ற பெயரில் அவளும் அதற்குள் புகுந்துவிட்டாள். கேட்கிறவனைத் திட்டாமல் அவளுக்கு ஒரு பதிலும் வராது. ஆனால் திட்டுக்குப் பின்னால் காரணமும் வரும். எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில், ‘எறங்குறதுக்கு முன்னால நேர்ல வந்து காட்டு’ என்று முடிப்பாள். ஊமைக் கசத்தின் அடியில் அவள் காலில் இடித்தது பாறையா வெண்கலமா என்று கேட்டு இன்னமும் ஆட்கள் எழுதுகிறார்கள். அதற்கு மட்டும் பதில் போடுவதில்லை.

இசக்கிக்குக் கட்டுப் பிரித்த அன்று அவன் கக்கத்தில் கோலை ஊன்றிக்கொண்டு குதிரைப்பாறைக்கு வந்தான். பயிற்சிக்கு வந்தவர்கள் எல்லோரும் இருந்தார்கள். கொம்பையாவும் இருந்தான். இசக்கி அடிவாரத்துப் புளிய மரத்தடியில் உட்கார்ந்து, அக்காவைப் பார்த்து இரண்டு விரலைக் காட்டினான்.

மாடத்தி பல்லைக் கடித்தாள். சுற்றி நின்றவர்களை ஒரு முறை முறைத்தாள். குனிந்து, இருந்ததிலேயே பெரிய கல்லாகப் பார்த்து எடுத்தாள். அக்குளில் இன்னொன்று. வியர்க்க விறுவிறுக்கப் பாறை ஏறினாள். கீழே ஒருவரும் சிரிக்கவில்லை. சிரிக்கத் தைரியம் யாருக்கு இருக்கிறது! இசக்கி மட்டும் வாய்விட்டுச் சிரித்தான்.

உச்சியில், தம்பி சுமந்து சுமந்து குவித்த கற்களுக்கு மேலே தன் இரண்டையும் வைத்தாள். அந்தக் குவியலை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அதற்கப்புறம் அங்கே யாரும் கல் வைக்கவில்லை.